காலேஜ் டீம் கான்ஃபரன்ஸ் மாறுறதுல கவர்னருக்கு என்ன வேலை?

கேள்வி இது: அமெரிக்கால ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டி தன்னோட டீம் எந்த கான்ஃபரன்ஸ்ல ஆடணும்னு முடிவு பண்றதுல கவர்னர் (அங்க அவர் மக்கள் ஓட்டு போட்டு வர்ற மாநில அரசோட தலைவர்), செனட்டர், அட்டர்னி ஜெனரல்னு ஆளாளுக்கு ஏன் தலையிடறாங்க, அப்படி தலையிட்டா நிஜமாவே எதையாவது தடுக்க முடியுமா?

நேரா சொல்லிடறேன். தலையிட அவங்களுக்கு முழு உரிமை இருக்கு, அது மாநிலத்தோட சொத்து. ஆனா தடுக்க முடியுமான்னா, ஓட்டு விழறதுக்கு முன்னாடி யாரோட குடுமியாவது கையில இருந்தா முடியும். எல்லாம் முடிஞ்சு கையெழுத்து ஆனப்புறம் வந்து சத்தம் போட்டா கொஞ்சம் காசு வாங்கிக் குடுக்கலாம், அவ்ளோதான். கடந்த முப்பது வருஷத்துல நடந்த பெரிய கேஸ் எல்லாத்துலயும் இதுதான் நடந்திருக்கு.

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு ரெண்டு வரி. கான்ஃபரன்ஸ்ங்கறது பத்து பன்னெண்டு யூனிவர்சிட்டி (இப்ப பதினாறு பதினெட்டு வரைக்கும் போயிடுச்சு) ஒண்ணா சேந்து நடத்துற லீக். 1984 வரைக்கும் ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) டிவி உரிமையை தேசிய அமைப்பான என்சிஏஏ தான் கையில வச்சிருந்துச்சு, எந்த மேட்ச் டிவில வரணும்னு அவங்கதான் சொல்லுவாங்க. ஒக்லஹோமா, ஜார்ஜியா யூனிவர்சிட்டிகள் அதை எதிர்த்து கேஸ் போட்டு சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் டிவி காசு என்சிஏஏ கையை விட்டு கான்ஃபரன்ஸ் கைக்கு வந்துடுச்சு. எந்த கான்ஃபரன்ஸ்ல இருக்கீங்கங்கறது அதுவரைக்கும் பக்கத்து ஊர்க்காரனோட ஆடற விஷயமா இருந்துச்சு, அதுக்கப்புறம் வருஷத்துக்கு எத்தனை கோடி டாலர் வரும்ங்கற விஷயமா ஆயிடுச்சு. அரசியல் உள்ள வந்ததும் இந்த இடத்துலதான்.

இன்னொண்ணையும் மனசுல வச்சுக்கோங்க. பல மாநிலத்துல ஒண்ணுக்கு ரெண்டு பெரிய அரசு யூனிவர்சிட்டி இருக்கு. ஒரே அப்பன் காசுல படிக்கிற அண்ணன் தம்பி மாதிரி. அண்ணனுக்கு பணக்கார வீட்ல இருந்து அழைப்பு வருது, அவன் கிளம்பிட்டா தம்பியோட வருமானம் பாதியாகும். பிரைவேட் யூனிவர்சிட்டின்னா யாரும் கேக்க முடியாது, ஆனா ரெண்டுக்கும் மாநிலம்தான் பொறுப்புங்கறப்ப கவர்னர் சும்மா உக்காந்திருந்தாலும் அது ஒரு முடிவுதான், தம்பி தெருவுக்கு வந்தா அந்தக் கணக்கு கடைசியில கஜானாவுக்குத்தானே வரும்.

அரசியல்வாதி தலையிட்டு முழுசா ஜெயிச்ச கேஸ்னா அது 2003 வர்ஜீனியாதான், எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸும் அதுதான், ஏன்னா அதுல கணக்கு அவ்ளோ சுத்தமா இருக்கும். அப்ப ஏசிசி கான்ஃபரன்ஸ்ல ஒம்பது பேர்: கிளெம்சன், டியூக், ஃப்ளோரிடா ஸ்டேட், ஜார்ஜியா டெக், மேரிலேண்ட், நார்த் கரோலினா, என்சி ஸ்டேட், வர்ஜீனியா, வேக் ஃபாரஸ்ட். பன்னெண்டு டீம் இருந்தா தனியா ஒரு சாம்பியன்ஷிப் மேட்ச் வச்சு காசு பாக்கலாம்னு அன்னிக்கு ரூல் இருந்துச்சு, அதனால பிக் ஈஸ்ட்ங்கற இன்னொரு கான்ஃபரன்ஸ்ல இருந்து மயாமி, சிராக்யூஸ், பாஸ்டன் காலேஜ் மூணையும் தூக்கிட்டு வர பிளான். லிஸ்ட்ல வர்ஜீனியா டெக் இல்லவே இல்ல. அது பிளாக்ஸ்பர்க்ங்கற மலைப்பக்க ஊர்ல இருக்கற அரசு யூனிவர்சிட்டி, ஏசிசி கதவை பல வருஷமா தட்டிட்டு இருந்தது, பிக் ஈஸ்ட்லதான் ஆடிட்டு இருந்தது. இந்த மூணு பேரும் போயிட்டா பிக் ஈஸ்ட்ல மிச்சம் ஒண்ணும் இருக்காது.

இப்ப ஓட்டுக்கணக்கு பாருங்க. புது ஆளைச் சேக்கணும்னா ஒம்பதுல ஏழு ஓட்டு வேணும். டியூக்கும் நார்த் கரோலினாவும் விரிவாக்கமே வேண்டாம்னு நிக்கிறாங்க. மிச்சம் சரியா ஏழு. அந்த ஏழுல ஒண்ணு நகர்ந்தாலும் பிளான் காலி, அந்த ஏழுல ஒண்ணு யூனிவர்சிட்டி ஆஃப் வர்ஜீனியா. அப்ப கவர்னரா இருந்தவர் மார்க் வார்னர். ரெண்டு யூனிவர்சிட்டியோட போர்டுக்கும் ஆளைப் போடறது கவர்னர்தான். அவர் யூனிவர்சிட்டி ஆஃப் வர்ஜீனியா பிரசிடென்ட் ஜான் காஸ்டீன் மேல நல்லா பிரஷர் குடுத்தார், வர்ஜீனியா டெக் இல்லாம விரிவாக்கத்துக்கு ஓட்டு போடக் கூடாதுன்னு. காஸ்டீனும் அதே மாதிரி நின்னார். ஏசிசி பிரசிடென்ட்கள் ஃபோன்ல கூடிக்கூடிப் பேசியும் அந்த ஏழாவது ஓட்டு கிடைக்கல. கடைசில ஜூன் 2003-ல நடந்தது என்னன்னா, லிஸ்ட்ல இருந்த சிராக்யூஸும் பாஸ்டன் காலேஜும் வெளிய, லிஸ்ட்லயே இல்லாத வர்ஜீனியா டெக் மயாமியோட சேந்து உள்ள! பாஸ்டன் காலேஜை அப்புறம் அக்டோபர்ல பன்னெண்டாவது ஆளா சேத்தாங்க. வர்ஜீனியா டெக் 2004-ல வந்த மொத வருஷமே ஏசிசி ஃபுட்பால் சாம்பியன் ஆச்சு. அரசியல்ல உள்ள வந்த டீம் ஆட்டத்துலயும் தகுதியான டீம்தான்னு அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுது.

ஆனா இதே கதையை கனெக்டிகட் பக்கம் இருந்து பாத்தீங்கன்னா மனசு கஷ்டமா இருக்கும். அந்த மாநிலம் தன்னோட அரசு யூனிவர்சிட்டியான யூகான் ஃபுட்பாலுக்காக கிட்டத்தட்ட 9 கோடி டாலர் மக்கள் காசுல ஒரு ஸ்டேடியம் கட்டி அந்த வருஷம்தான் திறக்குது, பிக் ஈஸ்ட்ல ஆடப் போறோம்ங்கற நம்பிக்கையில கட்டினது. அட்டர்னி ஜெனரல் (மாநில அரசோட தலைமை வக்கீல்) ரிச்சர்ட் புளூமென்தால் முன்ன நின்னு கேஸ் போட்டார், யூகானோட பிட்ஸ்பர்க், ரட்கர்ஸ், வெஸ்ட் வர்ஜீனியா, ஏன் வர்ஜீனியா டெக் கூட அந்த கேஸ்ல சேந்துச்சு, ஏசிசில இடம் கிடைச்சதும் அது மெதுவா விலகிடுச்சு. கேஸ் ரெண்டு வருஷம் கழிச்சு செட்டில்மென்ட்ல முடிஞ்சுது. வார்னர் கையில ஒரு ஓட்டு இருந்துச்சு, புளூமென்தால் கையில கோர்ட் பேப்பர்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் தன் மாநிலத்துக்காக உண்மையாத்தான் போராடினாங்க, ஒருத்தர் கையில பிடி இருந்துச்சு, இன்னொருத்தர் கையில இல்ல.

இதுக்கு ஒம்பது வருஷம் முன்னாடி டெக்சஸ். 1914-ல ஆரம்பிச்ச சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 90-கள்ல ஆட்டம் கண்டுடுச்சு, அர்கன்சா எஸ்இசிங்கற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குப் போயிடுச்சு, எஸ்எம்யூங்கற யூனிவர்சிட்டி பிளேயர்களுக்கு கள்ளத்தனமா காசு குடுத்து மாட்டி 1987-ல ஒரு சீசனே ஆட விடாம தண்டனை வாங்குச்சு. 1994 பிப்ரவரியில டெக்சஸும் டெக்சஸ் ஏ&எம்மும் பிக் எய்ட்ங்கற கான்ஃபரன்ஸோட சேந்து பிக் 12-ன்னு புது கான்ஃபரன்ஸ் போடலாம்னு கிளம்பினாங்க. அப்ப லெப்டினன்ட் கவர்னர் பாப் புல்லக். டெக்சஸ்ல அந்தப் பதவி பேருக்கு ரெண்டாவது இடம், ஆனா செனட்டையே நடத்தறது அவர்தான், பட்ஜெட் அவர் பேச்சைக் கேக்கும். அவர் டெக்சஸ் டெக்ல படிச்சவர், லா படிச்சது பேய்லர்ல, ரெண்டும் அதே சவுத்வெஸ்ட்ல ஆடிட்டு இருந்த யூனிவர்சிட்டி. செனட் ஃபைனான்ஸ் கமிட்டி தலைவர் ஜான் மான்ட்ஃபோர்ட், டெக்சஸ் டெக் இருக்கற லப்பக் ஊர்க்காரர். பேய்லர் இருக்கற வேக்கோவோட செனட்டர் டேவிட் சிப்லி. கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸே பேய்லர்ல படிச்சவங்க. டெக்கையும் பேய்லரையும் கூட்டிட்டுப் போகலன்னா உங்க பணத்துல கை வைப்பேன்னு புல்லக் ரெண்டு யூனிவர்சிட்டி தலைவர்களையும் கூப்பிட்டு மிரட்டினதா டெக்சஸ்ல பரவலா சொல்லுவாங்க. எப்படிச் சொன்னாரோ, பிக் 12-ல நாலு டெக்சஸ் டீம் இருந்துச்சு, அதுல டெக்கும் பேய்லரும் இருந்தாங்க.

இதுல எனக்கு இன்னிக்கும் கோபம் வர்ற விஷயம் ஹூஸ்டன். அதுவும் அரசு யூனிவர்சிட்டி, மாநிலத்தோட பெரிய சிட்டியில இருக்கு. பேய்லரோ பிரைவேட். மாநிலத்தோட சொத்தைக் காப்பாத்தறேன்னு கிளம்பினவங்க பிரைவேட்டுக்கு இடம் வாங்கிக் குடுத்துட்டு அரசு யூனிவர்சிட்டியை வெளிய விட்டாங்க, காரணம் மாநிலத் தலைநகர் ஆஸ்டின்ல அன்னிக்கு முக்கியமான நாற்காலில ஹூஸ்டன் ஆளு இல்ல. 1996-ல சவுத்வெஸ்ட் மூடினதுல இருந்து 2023-ல பிக் 12-க்குள்ள வர்ற வரைக்கும் அது வெளியதான் நின்னுச்சு. நடுவுல 2016-ல கவர்னர் கிரெக் ஆபட்டே ஹூஸ்டன் இல்லாம பிக் 12 விரிவாக்கம் கிடையாதுன்னு பொதுவுல சொன்னார், அந்த வருஷம் அக்டோபர்ல பிக் 12 யாரையுமே சேக்கல. அரசியல் தலையீடு தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா பழைய மாணவர் பாசத்துல நடக்கற தலையீட்டுல யார் தப்பிக்கிறாங்கங்கறது அன்னிக்கு யார் பதவில இருக்காங்கங்கறதைப் பொறுத்து மாறும்.

அதே டெக்சஸ், 2021. ஜூலை 21-ஆம் தேதி ஹூஸ்டன் பேப்பர்ல நியூஸ் வருது, டெக்சஸ், ஒக்லஹோமா யூனிவர்சிட்டிகள் பிக் 12-ஐ விட்டு எஸ்இசிக்குப் போகப் பேசிட்டு இருக்காங்கன்னு. ஜூலை 29 எஸ்இசி ஓட்டு, ஜூலை 30 டெக்சஸ் போர்டு ஒப்புதல். பத்தே நாள். டெக்சஸ் சட்டசபை ரெகுலரா கூடறது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, 140 நாள்தான், அது மே மாசமே முடிஞ்சுது. ஜூலைல நடந்தது ஸ்பெஷல் செஷன், அதுல எதைப் பேசணும்னு கவர்னர்தான் முடிவு பண்ணுவார், கவர்னர் ஆபட் படிச்சதே ஆஸ்டின்ல இருக்கற அந்த டெக்சஸ் யூனிவர்சிட்டியிலதான். போதாக்குறைக்கு ஓட்டுரிமை சட்டத்தை எதிர்த்து டெமாக்ரட் உறுப்பினர்கள் வாஷிங்டனுக்குப் பறந்துட்டாங்க, கீழ்சபைல கோரம் (சபை நடத்தத் தேவையான எண்ணிக்கை) இல்ல. சட்டசபை அனுமதி இல்லாம கான்ஃபரன்ஸ் மாறக் கூடாதுன்னு பேய்லர்ல படிச்ச உறுப்பினர் ஜெஃப் லீச் ஒரு மசோதா குடுத்தார், அது எங்க நகரும்? செனட் கமிட்டி விசாரணை ஆகஸ்ட் 2, அதாவது எல்லாம் முடிஞ்சு மூணு நாள் கழிச்சு. பிக் 12-ல மிச்சம் நின்ன டெக்சஸ் யூனிவர்சிட்டிகளான டெக், பேய்லர், டிசியூ தலைவர்கள் வந்து வருத்தத்தைச் சொல்லிட்டுப் போனாங்க. புல்லக்குக்கு ஓட்டுக்கு முன்னாடியே விஷயம் தெரிஞ்சுது, இவங்களுக்கு பேப்பரைப் பாத்துத்தான் தெரிஞ்சுது.

ரகசியமா முடிக்கிறதுன்னா கலிஃபோர்னியாவைச் சொல்லாம விட முடியாது. 2022 ஜூன் 30, லாஸ் ஏஞ்சலஸ் யூனிவர்சிட்டிகளான யூசிஎல்ஏவும் யூஎஸ்சியும் பேக்-12 கான்ஃபரன்ஸை விட்டு பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போறோம்னு அறிவிச்சாங்க. யூஎஸ்சி பிரைவேட், அது அது பாட்டுக்குப் போகலாம். யூசிஎல்ஏ அப்படி இல்ல, அதுவும் அதே பேக்-12-ல இருந்த பெர்க்லியும் ஒரே யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவோட கேம்பஸ், ஒரே ரீஜென்ட்ஸ் போர்டு (நிர்வாகக் குழு), 26 பேர், அதுல பதவி வழியா தலைவர் கவர்னர். அந்த கவர்னர் கேவின் நியூசமுக்கே முன்கூட்டித் தெரியாது. ஜூலை மாசம் ரீஜென்ட்ஸ் மீட்டிங்குக்கு நேர்லயே வந்து உக்காந்தார், யூசிஎல்ஏ மக்களுக்கு விளக்கம் சொல்லணும்னு கேட்டார். எப்படி கேக்காமலே முடிச்சாங்கன்னா, 1991-லயே இந்த மாதிரி ஒப்பந்தம் போடற அதிகாரத்தை சான்சலர்கள் (ஒவ்வொரு கேம்பஸோட தலைவர்) கையில குடுத்து வச்சிருந்தாங்க, முப்பது வருஷம் யாரும் அதைத் திரும்பிப் பாக்கல.

யூசிஎல்ஏ பக்கம் நியாயமே இல்லன்னு சொல்லிட முடியாது. 2021 வரைக்குமான மூணு வருஷத்துல அவங்க ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மென்ட் 10 கோடி டாலருக்கு மேல பற்றாக்குறை. பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசியோட ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல ஒப்பந்தம் போட்டுச்சு, அதுல யூசிஎல்ஏ பங்கு வருஷம் 6 கோடிக்கு மேல. இந்தப் பணம் இல்லன்னா ஒலிம்பிக் விளையாட்டு டீம்களை மூட வேண்டி வரும்னு அவங்க சொன்னது சும்மா பயமுறுத்தல்னு நான் நினைக்கல. ஆனா பெர்க்லி? ஸ்டேடியத்தைப் புதுப்பிச்ச வகையில 40 கோடி டாலருக்கு மேல கடன், லாஸ் ஏஞ்சலஸ் மார்க்கெட் போன பேக்-12-க்கு டிவிக்காரன் எவ்ளோ குடுப்பான்னு தெரியாத நிலைமை.

டிசம்பர் 14-ல ரீஜென்ட்ஸ் 11-க்கு 5 ஓட்டுல யூசிஎல்ஏவைப் போக விட்டாங்க, ஆனா சும்மா இல்ல. பிளேயர்களோட சாப்பாடு, மனநல உதவி, படிப்பு உதவி, சார்ட்டர் ஃப்ளைட் இதுக்கெல்லாம் கூடுதலா செலவு பண்ணணும், பெர்க்லிக்கு வருஷம் 20 லட்சம் டாலர்ல இருந்து 1 கோடி வரைக்கும் குடுக்கணும். பெர்க்லியோட சுருக்கப் பேரான கேல், விவாகரத்து ஜீவனாம்சத்தோட இங்கிலீஷ் பேரான அலிமனி, ரெண்டையும் சேத்து இதுக்கு ஒரு பேரே வந்துச்சு, கேலிமனின்னு. 2024 மே மாசம் தொகையை முடிவு பண்ணாங்க, மூணு வருஷத்துக்கு வருஷம் 1 கோடி டாலர். தாமதமா வந்தாலும் ஏதோ ஒரு பிடி இருந்துச்சு, ஏன்னா ரெண்டு கேம்பஸும் ஒரே போர்டு கீழ. இந்தத் தீர்வு எனக்குச் சரியாத்தான் படுது, இன்னும் பல மாநிலம் இதை எடுத்துக்கணும். ஆனா அதுக்குள்ள பேக்-12 முழுசா உடைஞ்சுது, பெர்க்லி 2023 செப்டம்பர்ல ஸ்டான்ஃபோர்டோட சேந்து அட்லான்டிக் கரைல இருக்கற ஏசிசில போய் உக்காந்துச்சு, அதுவும் மொத ஏழு வருஷம் 30 சதவீதப் பங்குக்கு.

இந்த உடைசல்ல அனாதையா நின்ன ரெண்டு பேர் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஒரெகன் ஸ்டேட்டும், ரெண்டுமே அரசு யூனிவர்சிட்டி, புல்மன், கொர்வாலிஸ்னு சின்ன ஊர்கள். 2023 ஆகஸ்ட் 4 காலையில பேக்-12 தலைவர்கள் ஆப்பிள் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தத்துக்கு ஓகே சொல்லக் கூடினாங்க, அன்னிக்கே வாஷிங்டனும் ஒரெகனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12-க்குன்னு கிளம்பிடுச்சு. அரிசோனால ரெண்டு யூனிவர்சிட்டிக்கும் ஒரே ரீஜென்ட்ஸ் போர்டு, சேந்தே போனாங்க. வாஷிங்டன்லயும் ஒரெகன்லயும் யூனிவர்சிட்டிக்கு ஒரு போர்டு, தம்பியைப் பத்திக் கேக்க யாருக்கும் கடமை இல்ல. கவர்னரும் சட்டசபையும் ஒண்ணும் பண்ணல, பண்ண ஒண்ணும் இல்ல. இந்த ரெண்டு பேரையும் காப்பாத்தினது கான்ஃபரன்ஸோட சொந்த ரூல்புக்தான். விலகறேன்னு சொன்னவங்களுக்கு போர்டுல இடம் இல்லங்கறது ரூல், யூஎஸ்சி, யூசிஎல்ஏ போறேன்னு சொன்னப்ப அப்படித்தான் வெளிய வச்சாங்க. அப்ப பத்து பேர் போறேன்னா மிச்ச ரெண்டு பேர்தானே போர்டுன்னு புல்மன் இருக்கற விட்மன் கவுன்ட்டி கோர்ட்ல கேட்டாங்க, நவம்பர் 14-ல ஜட்ஜ் கேரி லிபி அவங்க பக்கம் உத்தரவு குடுத்தார், டிசம்பர்ல மாநில சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துடுச்சு, போறவங்க பத்து பேரும் சேந்து 6.5 கோடி டாலரை விட்டுக் குடுத்து முடிச்சாங்க.

டிவி காசு எல்லாம் ஃபுட்பாலைச் சுத்தித்தான். ஆனா வாலிபால், சாக்கர், சாஃப்ட்பால் ஆடற பொண்ணும் பையனும் லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து நியூ ஜெர்சி ரட்கர்ஸ் வரைக்கும், கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர், மூணு மணி நேர டைம் வித்தியாசத்துல போய் ஆடிட்டு வந்து மறுநாள் கிளாஸ்ல உக்காரணும். இதைக் கேக்கத்தான் பொதுமக்கள் சார்பா ஒருத்தர் இருக்கணும். அத்லெடிக் டைரக்டருக்கு அதைவிட பெரிய கவலை வருமானம், 2025 ஜூலைல இருந்து பிளேயர்களுக்கே ஒரு யூனிவர்சிட்டி வருஷம் 2 கோடி டாலருக்கு மேல நேரடியா பங்கு குடுக்கலாம்னு ஆனப்புறம் அந்தக் கவலை இன்னும் கூடியிருக்கு.

அடுத்து எங்கன்னு கேட்டா, நார்த் கரோலினா. 2023-ல பெர்க்லி, ஸ்டான்ஃபோர்ட், எஸ்எம்யூவைச் சேக்கற ஏசிசி ஓட்டுல சேப்பல் ஹில் (அந்த ஊர்ல இருக்கற நார்த் கரோலினா யூனிவர்சிட்டி) வேண்டாம்னுச்சு, ராலேல இருக்கற என்சி ஸ்டேட் கடைசில சரின்னுச்சு, அந்த ஓட்டுலதான் தேவையான பன்னெண்டு சேந்துச்சு. ரெண்டும் ஒரே மாநில சிஸ்டம். அதைப் பாத்துட்டு சிஸ்டம் போர்டு 2024 ஆரம்பத்துல ஒரு விதி கொண்டு வந்துச்சு: கான்ஃபரன்ஸ் மாறணும்னா சான்சலர் முன்கூட்டியே சிஸ்டம் பிரசிடென்ட்டுக்குச் சொல்லணும், பணக் கணக்கோட திட்டம் குடுக்கணும், ஒப்புதல் வாங்கணும். வார்னருக்கு ஓட்டுக்கணக்கு தற்செயலா அமைஞ்சுது, இவங்க அதே பிடியை விதியாவே எழுதி வச்சுட்டாங்க. நான் பாத்த வரைக்கும் உருப்படியான வழி இதுதான். 2025 மார்ச்ல ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சனோட நடந்த கேஸ் செட்டில்மென்ட்ல ஏசிசியை விட்டுப் போற கட்டணம் வருஷா வருஷம் குறைஞ்சு 2030-31-ல 7.5 கோடி டாலருக்கு வரும்னு ஆயிடுச்சு, அதனால சேப்பல் ஹில்லுக்கு வேற இடத்துல இருந்து அழைப்பு வந்தா அந்த வருஷத்தை ஒட்டித்தான் வரும், அப்ப ராலேக்கு என்ன கிடைக்கும்ங்கற கேள்விக்கு அந்த சிஸ்டம் பிரசிடென்ட் கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே பதில் சொல்லியாகணும்.